கத்திரிக்கோல் கணக்கு

அன்புள்ள விமலா,

பொங்கலுக்கு நீ அனுப்பிய வாழ்த்துக்கு ஆடியில் பதில். திட்டி முடித்துவிட்டுப் படி. அம்மா நலம், முழங்கால் வலி அப்படியே. சின்னவளுக்கு வேலை கிடைத்ததா?

எங்கள் ஆபரேஷன் தியேட்டருக்கு ரோபோ வந்துவிட்டது. டாவின்சி. உன் புத்தி எங்கே ஓடும் என்று தெரியும். அது தானாக ஒரு தையல்கூடப் போடாது. டாக்டர் மூலையில் ஒரு பெட்டிக்குள் முகத்தைப் புதைத்து விரலை அசைக்க, பேஷண்ட் வயிற்றுக்குள் 8 மில்லிமீட்டர் கருவி மணிக்கட்டு மாதிரி வளைகிறது. கை நடுக்கம் அதில் வடிந்துவிடும். புராஸ்டேட்டை எடுத்தபின் அந்த ஆழத்தில் மூத்திரப்பையைக் குழாயோடு சேர்த்துத் தைப்பதற்குள், சிறு துளை வழியாக நேரே கையால் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் எத்தனை பேர் திட்டு வாங்குவோம்! இப்போது முனகல்கூட இல்லை.

ஆனால் விமலா, இத்தனை வருஷம் எதிரில் நின்ற மனுஷன். புருவத்தைப் பார்த்தே கருவியை நீட்டுவேன். இப்போது ஸ்பீக்கரில் குரல் மட்டும். நூலின் இறுக்கம் எங்கள் மெஷினில் அவர் கைக்குத் தெரியாது, கண்ணால்தான் கணிக்கிறார். போன வாரம் நூல் பட்டென்று அறுந்தது. 2024-இல் வந்த டாவின்சி 5-இல் விசையை உணர்த்தும் கருவிகள் உண்டாம். இங்கே வருவதற்குள் நான் ரிட்டயர்.

ராத்திரியில் உறுத்துவது வேறு. பெட்டியில் இருப்பவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கையுறை இல்லாமல் இருக்கிறார். திடீரென ரத்தம் பீறிட்டால் அவர் கை கழுவி, கவுன் மாட்டி வரும்வரை பக்கத்தில் இருப்பது உதவி டாக்டரும் நானும்தான். கருவியை உருவு, ரோபோவின் கைகளை விலக்கு, அதன் வண்டியைத் தள்ளு என்று மாதாமாதம் ஒத்திகை பார்க்கிறோம். நிஜத்தில் இன்னும் வரவில்லை, சாமி புண்ணியம். 2001-இல் மாரெஸ்கோ என்ற டாக்டர் வேறொரு மெஷினை வைத்துக்கொண்டு, நியூயார்க்கில் உட்கார்ந்தபடி ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருந்த ஒரு அம்மாவுக்குப் பித்தப்பையை எடுத்தாராம். எல்லோரும் அவரைத்தான் சொல்கிறார்கள். எனக்கோ அந்த அம்மா பக்கத்தில் நின்றவர்கள் ஞாபகம்தான்.

அப்புறம், நம் மேட்ரனுக்கு மேட்ரன் வந்தாச்சு. ரோபோவின் கத்திரிக்குள் ஒரு சிப். எத்தனை ஆபரேஷன் என்று எண்ணிக்கொண்டே வரும். 10 முடிந்தால் மெஷின் அதை ஏற்காது. நேற்று ஒன்றைக் குப்பையில் போட்டேன். புதுசு மாதிரி மின்னியது. கையுறையைக் கழுவிப் பவுடர் போட்டு மறுபடி மாட்டிய நம்மை நினைத்துக்கொண்டேன்.

நவராத்திரிக்கு வா. மாவடு இருக்கிறது.

உன்,
கலா