ரயில் போன தடத்தில்

அலெக்சாண்ட்ரா,
நியூசிலாந்து.

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். உங்கள் நலமும் அம்மா நலமும் அறிய ஆவல். அம்மாவை முட்டி வலி மாத்திரையை விடாமல் போடச் சொல்லுங்கள்.

போனில் பேசும்போது, “தெரியாத ஊர்ல, மலைக்குள்ள சைக்கிள எடுத்துக்கிட்டு ஏம்மா சுத்துற? லாரி கீரி வந்தா என்ன பண்ணுவ?” என்று கேட்டீர்கள். டூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. லாரி வராது அப்பா. கார், பைக் எதுவுமே வராது. நான் ஓட்டுவது ரோட்டில் இல்லை, பழைய ரயில் தடத்தில். அதனால்தான் இதை அம்மாவுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். ரயில் பாதையைப் பராமரிக்கும் கேங்மேனாக இருந்தவருக்குச் சொன்னால்தான் இது முழுசாகப் புரியும்.

முதலில் ஊரைச் சொல்கிறேன். நியூசிலாந்து என்றால் பச்சைப் பசேல் என்றுதானே காலண்டரில் பார்த்திருக்கிறோம். இந்தப் பக்கம் அப்படி இல்லை. மத்திய ஒடாகோ என்பார்கள். மேற்கே பெரிய பனிமலைத் தொடர் மேகத்தை மறித்துக்கொள்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் மில்ஃபோர்டில் ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அலெக்சாண்ட்ராவில் 400கூடத் தேறாது. மூணாறில் கொட்டித் தீர்த்துவிட்டு நம் போடிப் பக்கம் வெறும் காற்றை அனுப்புமே, அதே கதைதான். காய்ந்த புல், பழுப்பு மலை, ஏடு ஏடாக உரியும் சிஸ்ட் பாறை. அந்தப் பாறையை அறுத்துக்கொண்டு ஆறுகள் ஓடுகின்றன. வெயில் காலத்தில் 30 டிகிரியைத் தாண்டும், குளிர்காலத்தில் பூச்சியத்துக்குக் கீழே போகும். வசந்தத்தில் மலைச்சரிவெல்லாம் தைம் செடி ஊதாவாகப் பூத்து, காற்றே மணக்கும்.

இந்த வறண்ட நிலத்துக்குள் 1879-இல் ரயில் பாதை போட ஆரம்பித்தார்கள். கடற்கரைப் பக்கம் டனீடன் நகரத்துக்கு அருகில் தொடங்கியது, எங்கள் அலெக்சாண்ட்ராவுக்கு வந்து சேர 1906 ஆகிவிட்டது. கடைசி ஊரான க்ராம்வெல்லை 1921-இல்தான் தொட்டது. பிறகு கார், லாரி வந்தன, கூட்டம் குறைந்தது. கிளைட் என்ற ஊரில் பெரிய அணை கட்டியபோது அதற்குச் சாமான் ஏற்றி வந்ததுதான் இந்தப் பாதை செய்த கடைசிப் பெரிய வேலை. 1990-இல் கிளைட்டுக்கும் மிடில்மார்ச் என்ற ஊருக்கும் இடையே பாதையை மூடினார்கள். தண்டவாளத்தையும் ஸ்லீப்பர் கட்டைகளையும் எடுத்துவிட்டார்கள்.

நம்ம மதுரை – போடி லைனை 2010 கடைசியில் நிறுத்தித் தண்டவாளத்தைப் பிடுங்கியபோது நீங்கள் ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நமக்கு 2023-இல் அகலப்பாதையாகப் போடிக்கு ரயில் திரும்பி வந்தது. இவர்களுக்கு வரவில்லை. ஆனால் தடத்தை மண்ணாகப் போக விடவில்லை. அரசாங்கத்தின் இயற்கைப் பாதுகாப்புத் துறை அதை வாங்கி, ஜல்லியின் மேல் பொடிக்கல் போட்டு இறுக்கி, பாலங்களுக்குப் பலகையும் கைப்பிடியும் வைத்து, 2000-இல் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் திறந்துவிட்டது. கிளைட் முதல் மிடில்மார்ச் வரை 152 கிலோமீட்டர். கட்டணம் கிடையாது. அங்கங்கே ஒரு ரோட்டைக் குறுக்கே கடக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது லாடர் என்ற ஊரைத் தாண்டி வரும் பூல்பர்ன் பள்ளத்தாக்கு. அதற்குள் கார் ரோடே கிடையாது. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, இன்னொரு பக்கம் ஆழத்தில் ஆறு. மலையைக் குடைந்து இரண்டு சுரங்கம், ஒவ்வொன்றும் 200 மீட்டருக்கு மேல். உள்ளே விளக்கு கிடையாது, டார்ச் இல்லாமல் போக முடியாது. அங்கேயே 37 மீட்டர் உயரத்தில் ஒரு பாலம். அதன் தூண்களைப் பாருங்கள் அப்பா, கொத்திய கல்லை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி எழுப்பியிருக்கிறார்கள், நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அசையவில்லை. கடப்பாரையும் வெடிமருந்தும் வைத்துக்கொண்டு, கொட்டும் பனியில் கூடாரத்தில் தங்கி உடைத்த பாறை. ஆண்டிபட்டிக் கணவாயில் ரயில் போகும்போது அந்த வெட்டுப் பாறையைக் காட்டி, “இதை உடைச்சவன் பேரு எவனுக்காவது தெரியுமா?” என்று கேட்பீர்களே. பாலத்தில் சைக்கிளை நிறுத்திய ஒவ்வொரு முறையும் எனக்கு அது காதில் விழுகிறது.

ஏற்றம் அதிகமா என்று கேட்பீர்கள். நீராவி எஞ்சின் இழுக்க வேண்டிய பாதைக்கு எவ்வளவு ஏற்றம் வைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாததா? ஐம்பதுக்கு ஒன்றுக்கு மேல் எங்கும் இல்லை. முழுத் தடத்திலும் மிக உயர்ந்த இடம் 618 மீட்டர், மெதுவாக மிதித்தே போய்விடலாம். எழுபது வயதுக்காரர்கள் கணவன் மனைவியாக வருகிறார்கள். நாலைந்து நாளில் முடிப்பார்கள், பெட்டியை வேனில் அடுத்த ஊருக்கு அனுப்பிவிடலாம். இவ்வளவு பேர் சிரமமில்லாமல் போக முடிகிறதென்றால், அன்றைக்கு மட்டம் பார்த்து மண் போட்டவர்களின் கைதான் காரணம். தடத்தின் ஓரத்தில் கேங்மேன் கொட்டகை மாதிரியே சின்னத் தகரக் கொட்டகைகள் வைத்து, உள்ளே அந்த இடத்தின் வரலாற்றைப் பலகையில் எழுதியிருக்கிறார்கள். மழைக்கும் வெயிலுக்கும் அதில்தான் ஒதுங்குவோம்.

ரயில் நின்றபோது இந்தச் சின்ன ஊர்கள் காலியாகிக்கொண்டிருந்தனவாம். சைக்கிள் பாதை என்றதும் விவசாயிகள் சிலர் எதிர்த்திருக்கிறார்கள். இன்றைக்கு அதே ஊர்களில் விடுதியும் சாப்பாட்டுக் கடையும் நடப்பது சைக்கிளில் வருபவர்களால்தான்.

வேறு இரண்டு தடங்களும் உண்டு. க்ராம்வெல்லிலிருந்து கிளைட் வரை 2021-இல் திறந்த டன்ஸ்டன் ஏரித் தடம் ஒன்று. அங்கே பழைய ரயில் பாதை அணைத் தண்ணீருக்குள் முழுகிவிட்டது. அதனால் புதுத்தடம் பாறையில் இரும்பை அடித்து, அதில் பலகை பாவி, ஏரிக்கு மேலே தொங்கிக்கொண்டு போகிறது. 80 மீட்டருக்கு மேல் நீளமான தொங்கு பாலமும் உண்டு. பார்க்க அழகு, ஆனால் ஏற்ற இறக்கம் அதிகம், உங்களுக்கு வேண்டாம். இன்னொன்று எங்கள் வீட்டுப் பக்கமே தொடங்கும் ராக்ஸ்பரோ பள்ளத்தாக்கு. நடுவில் தடம் இல்லாத இடத்தைப் படகில் கடக்க வேண்டும். 1860-களில் இங்கே தங்கம் கிடைத்தது, 1866 முதல் சீனர்களும் தேடி வந்தார்கள். அவர்கள் பாறை இடுக்கில் கல்லை அடுக்கிச் சுவர் வைத்துத் தங்கிய குகைகள் இன்னும் இருக்கின்றன. குனிந்துதான் நுழைய முடியும். வீட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்து இந்தக் குளிரில் படுத்திருந்தவர்களை நினைத்தால் எனக்கு மனசு தாங்காது.

நீங்கள் மார்ச் மாதம் வாருங்கள். வெயில் தணிந்திருக்கும், குளிர் ஆரம்பித்திருக்காது. வாடகைக்குப் பேட்டரி சைக்கிள் கிடைக்கும், அம்மாவுக்கு அது போதும். ஹெல்மெட் இங்கே சைக்கிளுக்கும் கட்டாயம், முணுமுணுக்கக் கூடாது. மத்தியானத்தில் எதிர்க்காற்று பலமாக அடிக்கும், அதனால் விடிந்ததும் கிளம்பிவிடலாம். சுரங்கத்துக்கு உங்கள் பழைய டூட்டி டார்ச்சை எடுத்து வாருங்கள். கூட நல்லெண்ணெயும் கொஞ்சம் சுக்கும், இங்கே கிடைப்பது நன்றாக இல்லை.

பாஸ்போர்ட் மனு என்ன ஆயிற்று என்று தம்பியிடம் கேட்டு எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்