லோடு ஏறுகிற இடத்திலேயே எடையைப் பாருங்கள்: கர்நாடகப் போக்குவரத்துத் துறைக்கும் சுரங்கத் துறைக்கும் ஒரு திறந்த மடல்

போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கும், சுரங்கம் மற்றும் நிலவியல் துறை இயக்குநர் அவர்களுக்கும் வணக்கம்.

பெங்களூரு பீன்யாவில் லாரி புக்கிங் செய்கிறவன் நான். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வண்டிகளை வைத்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. இதையே கன்னடத்தில் மனுவாகவும் அனுப்புகிறேன். தமிழிலும் எழுதுவது எதற்கென்றால், இந்த ஊரில் டிப்பர் வைத்திருப்பவர்கள், ஓட்டுபவர்கள், கட்டட வேலை எடுத்துச் செய்பவர்கள் என்று நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஓவர் லோடை ரோட்டில் மறித்துப் பிடிப்பதற்கு முன்னால், லோடு ஏறுகிற இடத்தில் பிடியுங்கள். கல் உடைக்கிற கிரஷரில் எம்-சாண்டும் (கல்லை அரைத்துச் செய்கிற மணல்) ஜல்லியும் டன் கணக்கில்தான் விற்பனை ஆகிறது. காலி வண்டியை ஒரு தடவை, லோடு வண்டியை ஒரு தடவை எடை மேடையில் ஏற்றி, சீட்டு எடுத்து, அதற்கப்புறம்தான் பில் போடுகிறார்கள். சரக்கை வெளியே கொண்டுபோகச் சுரங்கத் துறை கொடுக்கிற எம்.டி.பி. பர்மிட்டிலும் எத்தனை என்று எழுதியிருக்கிறது. ஆக, வண்டி கேட்டைத் தாண்டுவதற்கு முன்பே அதில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது விற்றவருக்குத் தெரியும், வாங்கியவருக்குத் தெரியும். அது தெரிந்தே கிளம்பி வருகிற வண்டியை, நாற்பது கிலோமீட்டர் தள்ளி தும்கூரு ரோட்டில் நிறுத்தி டிரைவரிடம் கேள்வி கேட்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

கணக்கைப் பாருங்கள். 2018 ஜூலையில் மத்திய அரசு எடை வரம்பை உயர்த்தியது. இரண்டு அச்சு லாரிக்கு 16.2 டன்னாக இருந்த மொத்த எடை 18.5 டன் ஆனது, பத்து வீல் வண்டிக்கு 25 டன் 28.5 டன் ஆனது, பெரிய டிரெய்லர்களுக்கு உச்சவரம்பு 49 டன்னிலிருந்து 55 டன்னுக்குப் போனது. அப்போது எங்கள் பக்கம் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், இனிமேல் ஓவர் லோடு அடிக்க அவசியமில்லை என்றார்கள். நடந்தது வேறு. புது வரம்புதான் அடிமட்டம் ஆனது, அதற்கு மேலே பழையபடி ஏற்றினார்கள், டன் வாடகையும் அதற்கேற்ற மாதிரி இறங்கியது.

டிப்பர் விஷயத்தில் இன்னொன்று இருக்கிறது, இதை யாரும் பேசுவதில்லை. பத்து வீல் டிப்பர் காலியாகவே சுமார் 12 டன் வரும். அப்படியென்றால் சட்டப்படி ஏற்றக்கூடியது பதினாறரை டன்தான். ஆனால் அந்த வண்டிக்குக் கட்டுகிற பாக்ஸ் 14 கன மீட்டர், 16 கன மீட்டர். எம்-சாண்ட் ஒரு கன மீட்டர் ஒன்றரை டன்னுக்குக் குறையாது, ஈரமாக இருந்தால் இன்னும் கூடும். 16 கன மீட்டர் பாக்ஸை விளிம்பு வரை நிரப்பினாலே 24 டன், அதாவது ஏழரை டன் அதிகம், இதில் யாரும் கூம்பாகக் குவிக்கவே இல்லை. அப்புறம் பக்கப் பலகையை உயர்த்திக் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பாக்ஸின் அளவே தப்பாக இருக்கும்போது லோடர் ஆபரேட்டர் கண்ணளவில் எப்படிச் சரியாக ஏற்றுவார்? மணல், ஜல்லி ஏற்றுகிற வண்டியை எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, காட்டும்போது பாக்ஸின் கன அளவையும் அளந்து, அந்தச் சரக்கின் எடைக்கு ஒத்துவராவிட்டால் பலகையைக் குறைக்கச் சொல்லுங்கள். அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்று அளக்கிற அதே டேப் போதும்.

சட்டம் இல்லை என்று நான் சொல்லவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஓவர் லோடுக்கு 20,000 ரூபாயும் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்கிறது. வண்டியை ஓட்டுபவரை மட்டும் அது சொல்லவில்லை, ஓட்ட வைப்பவரையும் ஓட்ட விடுபவரையும் சேர்த்தே சொல்கிறது. 113-வது பிரிவு, டிரைவர் ஓட்டியிருந்தாலும் ஓனருக்குத் தெரிந்தே நடந்ததாக கோர்ட் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. என் பார்வையில், 28.5 டன் வண்டிக்குத் தன் எடை மேடையிலேயே 38 டன் சீட்டு போட்டு கேட்டைத் திறந்துவிடுகிற கிரஷர்காரரும் ஓட்ட வைப்பவர்தான். அவர் மீது வழக்குப் போடுங்கள். சாட்சி தேட வேண்டியதே இல்லை, அவர் கொடுத்த சீட்டு இருக்கிறது.

அதே பிரிவில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. எடை போட வண்டியை நிறுத்தாமல் போனால் அபராதம் 40,000. பத்து டன் அதிகமாக ஏற்றியவர் நின்று எடை போட்டாலும் இருபதும் இருபதும் சேர்த்து அதே 40,000. பத்து டன்னுக்கு மேலே போனால், நிற்காமல் ஓடுவதுதான் லாபம்! இதைத் திருத்துவது மத்திய அரசின் வேலை, ஆனால் மாநிலத்திலிருந்து நீங்கள் எழுதலாமே. அதோடு 114-வது பிரிவின்படி, போகிற வழியில் 10 கிலோமீட்டருக்குள்ளோ, இறங்குமிடத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள்ளோ எடை மேடை இருந்தால்தான் அங்கே போகச் சொல்ல முடியும். குவாரி ரோடுகளில் கிரஷர்காரரின் எடை மேடையை விட்டால் வேறு எது இருக்கிறது?

அபராதம் கட்டினால் வண்டி அப்படியே போகலாம் என்று நினைப்பவர்கள் எங்கள் தொழிலில் இன்னமும் உண்டு. 2005-ல் பரம்ஜித் பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது: பணத்தை வாங்கிக்கொண்டு ஓவர் லோடை ஓட விட மாநிலங்களுக்கு அதிகாரம் கிடையாது, கூடுதல் சரக்கை இறக்கியே ஆக வேண்டும். சரி, எங்கே இறக்குவது? நெலமங்கலா பக்கமோ ஓசூர் ரோட்டிலோ பத்து டன் ஜல்லியை நடுரோட்டிலா கொட்ட முடியும்? இறக்கி வைக்க யார்டு இல்லாத வரைக்கும் அந்தத் தீர்ப்பு காகிதத்தில்தான் இருக்கும். கிரஷரிலேயே பிடித்தால் இந்தப் பிரச்சினையே கிடையாது, கொட்டிய குவியலிலேயே திருப்பிக் கொட்டிவிடலாம்.

ரோட்டுக்கு என்ன ஆகிறது என்பது உங்கள் எஞ்சினியர்களுக்கு என்னை விட நன்றாகத் தெரியும். படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ரோடு போட்டு, அதன் மேல் லாரிகளை ஓட்டிச் சோதித்தார்கள். அச்சின் மேல் விழும் எடை கூடக் கூட, சேதம் கிட்டத்தட்ட அதன் நான்காம் அடுக்கில் கூடுகிறது என்று அதிலிருந்து தெரிந்தது. எடை இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு. நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியபோதே, அதை முழுசாகப் பயன்படுத்துகிற வண்டியின் சேதம் சுமார் 60 சதவீதம் கூடிவிட்டது. அதே அச்சில் 15 டன்னை வைத்தால், 11.5 டன்னில் ஆகிற சேதத்தைப் போல மூன்று மடங்குக்குப் பக்கத்தில் போகிறது. மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும் இது நடக்கும். பீன்யாவில் ஸ்டீல் காயில் ஏற்றுகிறபோது சரக்கு முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்துவிட்டால் பின் அச்சு மட்டும் வரம்பைத் தாண்டிவிடும், சீட்டில் எல்லாம் சரியாகத் தெரியும். அதனால் ஸ்டீல் யார்டுகளில் அச்சு வாரியாக எடை போடச் சொல்லுங்கள்.

பீன்யா மேம்பாலத்தை 2021 டிசம்பரில் மூடியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பாலத்தின் கேபிளில் கோளாறு வந்ததால் மூடினார்கள், ஓவர் லோடுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. 2022 பிப்ரவரியில் கார்களை விட்டார்கள், கனரக வண்டிகளை 2024 ஜூலை வரை விடவில்லை. இரண்டரை வருஷம் லாரி எல்லாம் கீழே சர்வீஸ் ரோட்டில் நகர்ந்தது. ஒரு பாலம் கெட்டால் முதலில் தடை வருவது எங்கள் வண்டிக்குத்தான், அதனால்தான் பாலத்தையும் ரோட்டையும் பற்றி எங்களுக்கு இவ்வளவு கவலை.

உயிர் விஷயம் இதை எல்லாம் விடப் பெரியது. இங்கிருந்து சேலம் போகிற வண்டி ஒவ்வொன்றும் தொப்பூர் கணவாயில் இறங்க வேண்டும். அந்த இறக்கத்தில் எத்தனை விபத்துகள் நடந்திருக்கின்றன என்று தர்மபுரிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். நியூட்ரலில் இறக்குவதும் ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன், அதை டிரைவர் தம்பிகள் விட்டே ஆக வேண்டும். ஆனால் 28.5 டன்னுக்குச் செய்த பிரேக்கில் 38 டன்னை இறக்கினால் டிரம் சூடேறி, மிதிக்க மிதிக்கப் பிடிக்காமல் போகும். முன்னால் போகிற காரில் இருப்பவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? ஓட்டுகிற பையன்தான் என்ன செய்வான், இவ்வளவு ஏற்ற மாட்டேன் என்று சொன்னால் நாளைக்கு அவனுக்கு வண்டி கிடையாது. வரம்புக்குள் மட்டும் ஏற்றுகிற ஓனருக்கும் இதே கதிதான். பக்கத்து வண்டி பத்து டன் அதிகமாக ஏற்றி, டன்னுக்குக் குறைந்த வாடகை சொல்லும்போது இவர் எந்த வாடகையில் டியூ கட்டுவார்?

செய்ய முடியாததை நான் கேட்கவில்லை. வண்டி நம்பரைப் போட்டால் அதன் அனுமதி எடை, வண்டிப் பதிவு விவரம் இருக்கிற 'வாகன்' என்ற அரசுக் கணினியில் வருகிறது. எம்.டி.பி. கணினியை அதோடு இணைத்து, பதிவான எடைக்கு மேல் அளவு போட்டால் பர்மிட்டே வராத மாதிரி செய்துவிடுங்கள். கிரஷர் எடை மேடையை அதே கணினியில் இணைத்து, எடையைக் கையால் எழுதுவதற்கு இடமே இல்லாமல் ஆக்குங்கள். ஸ்டீல் மாதிரி 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்குக்கு, ஜி.எஸ்.டி.க்காகக் கணினியில் எடுக்கிற இ-வே பில்லில் வண்டி நம்பர் ஏற்கெனவே இருக்கிறது, 2018 ஏப்ரலில் மாநிலத்துக்குள் போகும் சரக்குக்கும் இ-வே பில்லை முதலில் தொடங்கியதே கர்நாடகம்தான். அந்த ஊக்கத்தில் பாதி இதற்கு வந்தால் போதும். முதலில் பெங்களூரைச் சுற்றியுள்ள கிரஷர்களில் ஆறு மாதம் செய்து பார்த்து, எத்தனை சீட்டு வரம்பைத் தாண்டியது, யார் மேல் வழக்குப் போட்டீர்கள் என்ற கணக்கை மாதா மாதம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
பீன்யாவிலிருந்து ஒரு லாரி புக்கிங் ஏஜெண்ட்