ஸ்க்ரீனில் பச்சைக் கோடு, 5 வார அலைச்சல்: எழுத்தில் பதில் வேண்டும்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கும்பகோணம் பக்கம் திருபுவனத்திலிருந்து எழுதுகிறேன். வீட்டில் பட்டுத் தறி. என் வீட்டுக்காரர் நெய்கிறார், நான் சேலையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி விற்கிறேன். 14 மாதத்துக்கு முன்னால் கும்பகோணத்தில் 28,500 ரூபாய் கொடுத்து உங்கள் ஃபோனை வாங்கினேன். இதுவரை ஐந்து புகார் எண் கொடுத்திருக்கிறீர்கள், ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்ல வைக்கிறீர்கள். அதனால் இந்தத் தடவை எல்லாவற்றையும் எழுதியே அனுப்புகிறேன்.

இந்த ஃபோனை வாங்கியதே கலருக்காகத்தான். இது அமோலெட் என்கிற வகை ஸ்க்ரீன், இதில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், கருப்பு என்றால் அந்தப் புள்ளி அணைந்துவிடும், சேலைக்கு இதுதான் சரி அக்கா என்று கடைத் தம்பி சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை, ஒரு வருஷம் அருமையாக இருந்தது. நான் சொல்லி எங்கள் தெருவில் இரண்டு பேர் இதே மாடலை வாங்கினார்கள். அப்புறம் நீங்களே அப்டேட் போடச் சொல்லி அறிவிப்பு அனுப்பினீர்கள், ராத்திரி போட்டேன், காலையில் பார்த்தால் மேலிருந்து கீழ் வரை பச்சையாக ஒரு கோடு, ஜரிகை இழை மாதிரி நேராக. மூன்றாவது வாரத்தில் அது நான்கு கோடாகி, வலது பக்கம் முழுக்க ரோஸ் கலர் படிந்துவிட்டது. ஃபோன் கீழே விழவில்லை, தண்ணீர் படவில்லை.

உங்கள் ஹெல்ப்லைனில் கோட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். கோடு எதுவும் தெரியவில்லையே மேடம் என்றார்கள். மறுபடி எடுத்து அனுப்பச் சொன்னார்கள். ஸ்க்ரீன்ஷாட் என்பது ஃபோன் உள்ளே இருக்கிற படத்தின் நகல், கோடு விழுந்திருப்பது கண்ணாடிக்குக் கீழே பேனலில், அது எப்படி ஸ்க்ரீன்ஷாட்டில் வரும்? எட்டாவது படிக்கிற என் தம்பி மகன் சொல்லித்தான் எனக்கு இது தெரிந்தது. ஃபோன் செய்கிற கம்பெனிக்குத் தெரியாதா? பக்கத்து வீட்டு அக்காவின் ஃபோனை வாங்கி, என் ஃபோனைத் திண்ணையில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். அதற்கு ஒருவர் சொன்னார்: "கோடுதானே மேடம், பாக்கி ஸ்க்ரீன் தெரியுதுல்ல? உங்க வேலைக்கு இது போதும்."

என் வேலை என்னவென்று அவர் கேட்கவே இல்லை. சென்னையிலிருந்து ஒரு அம்மா ரவிக்கைத் துணியைப் படம் எடுத்து அனுப்பி, இதற்குப் பொருத்தமாகச் சேலை கேட்டார்கள். அது பாக்குக் கலர், உங்கள் ஸ்க்ரீனில் எனக்கு அரக்காகத் தெரிந்தது. விசிறி மடிப்பு போட்டு அனுப்பிய சேலை ஒரே வாரத்தில் திரும்பி வந்தது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை ஐயா இது, இதில் கலர் தப்பிவிட்டால் எங்களுக்கு வேறென்ன இருக்கிறது? அந்த அம்மா இனிமேல் எங்களிடம் வாங்க மாட்டார்கள். பத்து வருஷமாகச் சேர்த்த பேர் அந்த ஒரு சேலையில் போய்விட்டது.

தஞ்சாவூர் விஷயத்துக்கு வருகிறேன். கும்பகோணத்தில் பார்ட்ஸ் இல்லை, தஞ்சாவூர் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள் என்று அனுப்பினார்கள். காலை 7 மணிக்குக் கிளம்பி, பாபநாசம், அய்யம்பேட்டை எல்லாம் நின்று நின்று போகிற பஸ்ஸில் போய் டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். டோக்கன் கொடுத்த பெண் நல்ல பெண், குடிக்கத் தண்ணீர் கொடுத்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். மதியம் ஒன்றரைக்குக் கூப்பிட்டார்கள். கவுன்டரில் இருந்தவர் ஃபோனை வாங்கி அணைத்துப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டிவிட்டு, பில் எங்கே என்று கேட்டார். கடையில் பில்லை வாட்ஸ்அப்பில்தான் அனுப்பினார்கள், அந்த ஃபோனில்தான் இருக்கிறது, ஒரு நிமிஷம் கொடுங்கள் என்றேன். பையை ஒட்டியாச்சு, பில்லோடு வாங்க என்று பையோடு ஃபோனை என் கையில் கொடுத்துவிட்டார். நான் அங்கேயே பையைப் பிரித்துப் பில்லைக் காட்டினேன். இன்றைக்கு டோக்கன் முடிந்தது என்றார்! ஒரு நாள் போச்சு, அன்றைக்கு வீட்டில் ஊடைக்கு நூல் சுற்ற ஆளில்லாமல் தறியும் நின்றது.

மறுபடி போனபோது வாரண்டி 12 மாதம்தான், முடிந்துவிட்டது, ஓரத்தில் முடியளவு கீறலும் இருக்கிறது, ஸ்க்ரீன் மாற்ற 11,800 ரூபாய் என்றார்கள். கீறல் இருப்பது கீழ் மூலையில், கோடு தொடங்குவது மேலே.

இன்னொன்று, இதுதான் எனக்குத் தாங்கவில்லை. "உங்க வேலைக்கு இது போதும்" என்ற அதே ஆள்தான் ஃபேக்டரி ரீசெட் செய்தால் கோடு போய்விடும் என்றும் சொன்னார். முதலில் பேக்கப் எடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நம்பிச் செய்தேன். கோடு அப்படியே இருக்கிறது, மூன்று வருஷத்துச் சேலைப் படங்கள், முந்தி டிசைன்கள், யார் எந்தக் கலர் கேட்டார்கள் என்ற பேச்சு, எல்லாம் அழிந்துவிட்டது. ஸ்க்ரீன்ஷாட்டிலேயே விழாத கோடு ரீசெட்டில் எப்படிப் போகும்?

இதே பச்சைக் கோட்டுக்கு ஒன்பிளஸ், சாம்சங் இரண்டு கம்பெனியும் 2024-ல் இந்தியாவில் சில மாடல்களுக்கு வாரண்டி முடிந்த பிறகும் இலவசமாக ஸ்க்ரீன் மாற்றிக் கொடுத்தன. உங்களால் மட்டும் ஏன் முடியாது? தயவுசெய்து என் ஃபோனுக்கும் அதையே செய்து கொடுங்கள். கோபத்தில் எழுதுவதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஃபோன் நல்ல ஃபோன், சரியானால் இதையேதான் வைத்துக்கொள்வேன்.

15 நாளில் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்துவிட்டுத் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பஸ் காசு, திரும்பி வந்த சேலை, தறி நின்ற நாள் எல்லாவற்றையும் கணக்கில் சேர்ப்பேன்.

பதில் எழுத்தில் வேண்டும். ஃபோனில் அந்த ஆளைப் பேச வைக்காதீர்கள். கடையில் திரும்ப வாங்கிய பில் நகலும், பக்கத்து வீட்டு ஃபோனில் எடுத்த கோட்டுப் படமும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
திருபுவனத்திலிருந்து உங்கள் வாடிக்கையாளர்