செய்தியை அணைக்கச் சொன்னவர்களுக்கு

யீஷூன், சிங்கப்பூர்
ஜனவரி 2026

அன்புள்ளவர்களுக்கு,

பெயர் போட்டு எழுதினால் உங்களில் சிலர் கூச்சப்படுவீர்கள், இரண்டு பேர் கோபித்துக்கொள்வீர்கள். ஆகவே பெயரில்லாமலே எழுதுகிறேன். எந்தப் பத்தி யாருக்கு என்று உங்களுக்கே தெரியும்.

போன வாரம் அமெரிக்காவில் படிக்கும் மகளைச் சாங்கி விமான நிலையத்தில் வழியனுப்பிவிட்டு வந்தேன். அமெரிக்கக் குடிநுழைவு முகப்பைத் தாண்டியதும் "உள்ளே வந்துவிட்டேன் அம்மா" என்று ஒரு வரி அனுப்பினாள். அன்று இரவு எட்டு மணி நேரம் தூங்கினேன். எழுந்ததும் முதலில் தோன்றியது, இத்தனை பேருக்கு இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பதுதான்.

உங்களில் பாதிப் பேருக்கு விஷயம் முழுவதும் தெரியாது. நான் சொன்னதில்லை, நீங்கள் கேட்டதும் இல்லை. கேட்காமல் இருந்ததற்கே தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும்.

2025 ஏப்ரலில் தொடங்கியது. மாதத்தின் இரண்டாம் நாளே அமெரிக்க அதிபர் புதிய வரிகளை அறிவித்தார். 2004 முதல் தடையற்ற வணிக உடன்பாடு வைத்திருக்கும் சிங்கப்பூருக்கும் 10 விழுக்காடு. நான் சரக்கு அனுப்பும் நிறுவனமொன்றில் ஆவணம் தயாரிப்பவள். அலுவலகத்தில் அந்த வாரம் யாரும் நேரத்துக்குச் சாப்பிடவில்லை. அதுகூடப் பரவாயில்லை, வேலையைப் பற்றிய கவலை வேலை நேரத்தோடு முடிந்துவிடும். அதே மாதத்தில்தான் அமெரிக்காவில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் பலருடைய விசாக்களும் பதிவுகளும் காரணம் சொல்லப்படாமல் ரத்தாகின்றன என்ற செய்தி வந்தது. ஏப்ரல் 25 அன்று பதிவுகளை மீட்டுத் தருவதாக அரசுத் தரப்பில் நீதிமன்றத்தில் சொன்னார்கள். மே 27 அன்று மாணவர் விசாவுக்கான புதிய நேர்காணல்களை நிறுத்திவைத்தார்கள். ஜூன் 18 அன்று மறுபடி தொடங்கினார்கள், விண்ணப்பிப்பவர்கள் தங்கள் சமூக ஊடகப் பக்கங்களை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. இந்தத் தேதிகளை எல்லாம் எதையும் பார்க்காமல் சொல்கிறேன். என் திருமண நாளைக்கூட இவ்வளவு துல்லியமாக நான் நினைவில் வைத்ததில்லை.

என் மகளுக்கு நேராக எதுவும் நடக்கவில்லை. அவசியமில்லாமல் நாட்டைவிட்டு வெளியே போகாதீர்கள் என்று பல்கலைக்கழகம் சொன்னது. ஜூன் மாதத்துக்கு வாங்கிய டிக்கெட்டை ரத்து செய்தாள். அவ்வளவுதான். ஆனால் நான் வாக்களிக்காத தேர்தலில் வென்ற ஒருவர் காலையில் என்ன கையெழுத்துப் போட்டார் என்பதை இரவில் பார்த்துவிட்டுப் படுக்கும் வழக்கம் எனக்கு வந்துவிட்டது. அங்கே விடிந்தால் இங்கே இருட்டும். கோடைக்காலத்தில் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். அவர்களுடைய ஒரு முழு அலுவலக நாளை நான் என் தூக்கத்தில் செலவழித்தேன். மே 3ஆம் தேதி நம் நாட்டிலேயே பொதுத் தேர்தல் நடந்தது. வாக்குச்சாவடிக்குப் போனதும் திரும்பி வந்ததும் நினைவிருக்கிறது, அதற்கு முந்தைய ஒன்பது நாள் பிரசாரத்தில் யார் என்ன பேசினார்கள் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

முதல் நன்றி, நார்த்பாயிண்ட் சிட்டி நான்காம் தளத்தில் இருக்கும் யீஷூன் நூலகத்தில் பணிபுரியும் அந்தத் தங்கைக்கு.

வீட்டுக்குப் போனால் தொலைக்காட்சியைப் போட்டுவிடுவேன் என்ற பயத்தில் மாலைகளில் அங்கே வந்து உட்கார்ந்தேன். ஒரு தடித்த நாவலைக் கையில் வைத்துக்கொண்டு பத்தொன்பதாம் பக்கத்தையே நான்கு நாட்கள் படித்தேன். நீங்கள் அதைக் கவனித்திருக்கிறீர்கள். ஐந்தாம் நாள் அருகில் வந்து, "அக்கா, குழந்தைகள் பகுதியில் தமிழ்ப் புத்தகங்கள் புதிதாக வந்திருக்கின்றன, பார்க்கிறீர்களா?" என்றீர்கள். எனக்குப் பேரப்பிள்ளைகள் இருப்பதாக நினைத்துவிட்டீர்களோ என்று முதலில் சற்று வருத்தம். பிறகு போய்ப் பார்த்தேன். ஒரு பக்கத்துக்கு மூன்று வரி, பெரிய எழுத்து, யானைக்கு வால் எங்கே என்று தேடும் கதை. ஒரே மூச்சில் ஒரு புத்தகத்தை முடித்து ஆறு வாரம் ஆகியிருந்தது. அன்று ஏழு முடித்தேன்.

அங்கிருந்து சமையல் புத்தகங்களுக்கு என்னை நகர்த்தியதும் நீங்கள்தான். 641.5 என்ற எண் இப்போது எனக்கு மனப்பாடம், நூலகத்தில் கால் தானாக அங்கே போகிறது. பிறகு தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தில் வலையேற்றிய பழைய சிங்கப்பூர்ச் சிறுகதைகளைக் கைத்தொலைபேசியில் திறந்து காட்டினீர்கள். 1965 முதல் 2015 வரை இங்கே வெளிவந்த சுமார் 350 தமிழ் நூல்கள் அதில் இருக்கின்றன. எழுபதுகளில் கம்பத்து (கிராமத்து) வீட்டைக் காலிசெய்து அடுக்குமாடிக்குப் போகப் பயந்த குடும்பங்களைப் படித்தேன். அவர்களுக்கும் இரவில் தூக்கம் வரவில்லை. ஏனோ அது எனக்கு மிகவும் இதமாக இருந்தது.

அடுத்து, எங்கள் வாசகர் வட்டத்து ஆசிரியர் ஐயாவுக்கு. ஐயா, உங்களிடம் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அன்று நீங்கள் கலித்தொகைப் பாலைப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டீர்கள். காதலனோடு போய்விட்ட மகளைத் தேடிச் செல்லும் செவிலித்தாய், எதிரே குடையும் கரகமும் முக்கோலுமாக வரும் அந்தணர்களிடம், "என் மகளைப் பார்த்தீர்களா?" என்று கேட்கிறாள். அவர்கள் பார்த்தோம் என்கிறார்கள். மலையில் பிறந்தாலும் சந்தனத்தால் மலைக்கு என்ன பயன், கடலில் பிறந்தாலும் முத்தால் கடலுக்கு என்ன பயன், உன் மகளும் அப்படித்தான் என்கிறார்கள். எல்லாரும் ஆகா என்றார்கள். நான் மட்டும், "இந்த அந்தணர்கள் யாரும் மகளை விமானம் ஏற்றியவர்கள் இல்லை" என்று சற்று உரக்கவே சொல்லிவிட்டேன். என் மகள் எவனோடும் போகவில்லை, இரண்டு பெட்டிகளோடு போனாள் என்றும் சேர்த்துச் சொன்ன நினைவு. அறையே அமைதியானது.

நீங்கள் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அந்தப் பதிலைக் கேட்டு அந்த அம்மா சமாதானம் ஆனாள் என்று பாட்டில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்றீர்கள். தேடிப் பார்த்தேன். இல்லை. அவர்கள் பேசி முடித்ததும் பாட்டு முடிந்துவிடுகிறது. அவள் வீட்டுக்குத் திரும்பினாளா, இன்னும் நடந்தாளா, எதுவும் இல்லை. அன்று பெருவிரைவு ரயிலில் திரும்பி வரும் வழியெல்லாம் அவளைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். ஈராயிரம் ஆண்டாக வழியில் நின்றுகொண்டிருக்கிறாள், பாவம்.

அண்ணன் மகனுக்கு ஒரு வரி போதும், அவன் நீளமாக எதையும் படிக்கமாட்டான். தம்பி, என் கைத்தொலைபேசியை வாங்கி எல்லாச் செய்தி அறிவிப்புகளையும் நிறுத்தினாயே, அதற்கு நன்றி. கடவுச்சொல்லையும் மாற்றிவைத்து மூன்று நாள் என்னைத் தவிக்கவிட்டதற்கு நன்றி இல்லை.

வாட்ஸ்அப்பில் தினமும் "எச்சரிக்கை" என்று சிவப்பு எழுத்தில் அனுப்பிக்கொண்டிருந்த உறவினர்களுக்கு இந்த மடலில் இடமில்லை. நல்லெண்ணத்தில் செய்தீர்கள் என்பது தெரியும். கோயிலில் உங்களுக்காகவும் ஒரு அர்ச்சனை செய்தேன்.

எதிர் வீட்டு மலாய் அத்தையே, மாக்சிக், உங்களுக்குத் தமிழ் தெரியாது. இதை என் கணவர் உங்களுக்குப் படித்து மலாயில் சொல்வதாக இருக்கிறார். அவருடைய மலாய் எப்படி என்று உங்களுக்கே தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாலை தாழ்வாரத்தில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஜாங்கான் தெங்கோ பெரித்தா", செய்தி பார்க்காதே என்றீர்கள். சொன்னதோடு நிற்காமல் ஒரு கிலோ இக்கான் பீலிஸைக் கொண்டுவந்து என் மேசையில் கொட்டினீர்கள். காய்ந்த நெத்திலி ஒவ்வொன்றாகத் தலையைக் கிள்ளி, இரண்டாகப் பிளந்து, கறுப்புக் குடலை எடுக்க வேண்டும். ஒரு கிலோவில் எத்தனை நெத்திலி என்று யாராவது எண்ணியிருக்கிறார்களா? இரண்டு மணி நேரம் ஆனது. கை முழுவதும் கருவாட்டு வாடை. அந்தக் கையோடு கைத்தொலைபேசியைத் தொட முடியவில்லை. எண்ணெயும் புளியும் மாவும் ஒட்டிய கையால் தொடுதிரையைத் தொட மனம் வராது என்ற இந்த எளிய உண்மை எனக்கு ஐம்பத்து நான்கு வயதில் விளங்கியது. அதன் பிறகு எப்போதெல்லாம் செய்தி பார்க்கக் கை அரித்ததோ அப்போதெல்லாம் எதையாவது பிசைந்தேன்.

சம்பாலும் நீங்கள் சொல்லித் தந்ததுதான். ஊறவைத்த காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், வாட்டிய பிலாச்சான் என்ற இறால் விழுது, புளி, கடைசியில் கொஞ்சம் கூலா மலாக்கா என்ற பனைவெல்லம். "பெச்சா மின்யாக்" ஆகும்வரை, அதாவது எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை, அடுப்பைக் கூட்டக்கூடாது, இடத்தைவிட்டு நகரக்கூடாது, பேசலாம். அந்த நேரத்தில் உங்கள் மூத்த மகன் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவில் தொழில் தொடங்கி நொடித்த கதையை முழுவதும் சொன்னீர்கள். உங்கள் நீல மூடிப் பாத்திரம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக்கூடாது என்பதால் காத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பணியாரத்தோடு வரும்.

லிட்டில் இந்தியாவின் தேக்காவில் மசாலா அரைத்துத் தரும் அண்ணனுக்கு: மகளுக்கு அனுப்ப என்று சொன்னதும் மிளகாயைத் திரும்ப ஒரு முறை வெயில் காட்டி, பையை இரண்டாக மடித்து ஒட்டித் தந்தீர்கள். சுங்கத்தில் யாரும் அதைத் திறக்கவில்லை. அவளுடைய அறைத்தோழிதான் திறந்து நாள் முழுக்கத் தும்மினாளாம்.

அந்த அறைத்தோழிக்கும் இந்த இடத்தில் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. டிக்கெட்டை ரத்து செய்த பிறகு நானும் மகளும் ஞாயிறுதோறும் சேர்ந்து சமைக்கத் தொடங்கினோம். எனக்கு இரவு எட்டு, அவளுக்குக் காலை எட்டு. திரையில் அவள் அடுப்பு, இங்கே என் அடுப்பு. இங்கே இட்லி மாவை இரவு கரைத்து வைத்தால் காலையில் பாத்திரத்தைத் தாண்டி வழிந்துவிடும். அங்கே இலையுதிர்காலக் குளிரில் ஒன்றரை நாள் ஆகியும் மாவு அசையவில்லை. ஓவன் அடுப்புக்குள் வைத்து, சூட்டைப் போடாமல் உள்ளிருக்கும் விளக்கை மட்டும் போட்டுவிடு என்று அம்மாக்கள் குழுவில் ஒருவர் சொல்லித் தந்தார். அந்த வெதுவெதுப்பு போதும், மாவு புளித்துவிடும். அப்படியே வைத்தாள். காலையில் அறைத்தோழி பீட்சா சுட அந்த ஓவனை 200 பாகை செல்சியஸில் மூட்டிவிட்டாள், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல். திரையில் மகள் எனக்குக் காட்டியது ஒரு பாத்திர அளவுக்கு ஒரே இட்லி. மேலே பொன்னிறம், நடுவில் வெடிப்பு. இருவரும் பேச முடியாமல் சிரித்தோம். ஏப்ரலுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அன்று அமெரிக்காவில் என்ன உத்தரவு வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த இட்லியை வெட்டி உப்புமாவாகத் தாளித்துச் சாப்பிட்டார்கள்.

கடைசியாக, முகம் தெரியாத ஒருவருக்கு.

அண்ணன் மகன் செய்தி அலசல் வலையொலிகளை எல்லாம் நீக்கிவிட்டு உங்களுடையதை வைத்துவிட்டுப் போனான். தென்மாவட்டப் பேச்சு, பின்னால் ஒரு மின்விசிறியின் சத்தம், அடிக்கடி தண்ணீர் குடிப்பீர்கள். கிணறுகளைப் பற்றி மட்டுமே பேசினீர்கள். யீஷூனிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் போகும் ரயிலில் தினமும் கேட்டேன். பீஷானைத் தாண்டி ரயில் நிலத்துக்கடியில் நுழையும்போது நீங்கள் கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருப்பீர்கள். கிணற்று நீரைக் கயிறு கட்டி இழுத்துக் கமலை இறைக்கும் மாடுகள் சரிவில் முன்னோக்கி இறங்கும்போது தண்ணீர் மேலே வரும், பிறகு அவை பின்னோக்கியே நடந்து ஏறும் என்று சொன்னீர்கள். திரும்பாமல் பின்னோக்கி நடக்கப் பழகிய மாடு! அதை நினைத்துக்கொண்டே ஒரு நாள் இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டேன்.

பிறகு நீர் இறைப்பவர்கள் பாடும் ஏற்றப்பாட்டைத் தொட்டீர்கள். இறைத்த சாலின், அதாவது நீர் அள்ளும் பாத்திரத்தின், எண்ணிக்கையைப் பாட்டிலேயே வைத்து எண்ணிக்கொண்டு போவார்கள் என்றீர்கள். நூறு தாண்டியதும் எண்ணிக்கையை எப்படித் தவறாமல் வைத்துக்கொண்டார்கள் என்பதை அடுத்த பாகத்தில் சொல்கிறேன் என்று முடித்தீர்கள். அது செப்டம்பர். அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை என்று நம்புகிறேன். வேலை அதிகமாக இருக்கும், அல்லது அந்த மின்விசிறி பழுதாகியிருக்கும். நான் காலை ரயிலில் இன்னும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நூறு தாண்டியதும் எப்படி எண்ணினார்கள், ஐயா?

நன்றியுடன்,
நான்காம் மாடியிலிருந்து ஒரு அம்மா