கம்ப்யூட்டரை மாற்றிவிடாதே

மண்டபம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள ஜெயா,

இங்கே எல்லாரும் நலம். உன் மாமியாருக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று, என்னோடு வேலை பார்க்கும் நம் ஏழரை டீச்சர் சொன்னாள். பெரியவனுக்கு வேலை கிடைத்ததையும் அவள் வாயால்தான் கேட்க வேண்டியிருந்தது. அந்தச் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்கிறேன்.

நேற்று நீ தொலைபேசியில் சொன்னதில் பாதி காதில் விழவில்லை. விழுந்த பாதியே என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. கார் இடையிடையே குலுங்குகிறது என்று கொண்டுபோனால், என்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரையே மாற்றச் சொல்கிறார்களாம். நீயும் தலையாட்டிவிட்டு வந்தாயாம். மெஸ் கணக்கு ஒரு ரூபாய் இடித்தால் வார்டனை உட்காரவைத்து மறுபடி கூட்டச் சொன்ன ஜெயாவா இது? இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை யாருக்கும் ஒரு பைசா கொடுக்காதே. விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

என் கார் பட்ட பாட்டை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. காலையில் பள்ளிக்குப் போகும்போது, பாம்பன் பாலத்தில் ஏறும் இடத்தில், யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டு விடுவதுபோல ஒரு குலுக்கல் வரும். முன்னால் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு சிமிட்டும். உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கியதும் விளக்கும் அடங்கும், குலுக்கலும் நிற்கும். எல்லா நாளும் வராது. நம்பி இருக்கும் நாளில் வரும்.

ராமநாதபுரத்தில் ஒரு பட்டறையில் விட்டேன். அவர்கள் பட்டணம்காத்தான் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி நன்றாகத்தான் இருக்கிறது டீச்சர்" என்றார்கள். இருக்காதா பின்னே! ராமநாதபுரம் சீமையில் மேடு ஏது? எங்களுக்கு இருக்கும் ஒரே மலை அந்தப் பாலம்தான். பிறகு ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார்கள். காற்று போகும் வழியைக் கழுவினார்கள். அப்புறம் பெட்ரோல் பம்ப் போய்விட்டது என்றார்கள். கடைசியில் பழி பெட்ரோல் மேலேயே விழுந்தது: "இப்போது இருபது சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள், அது ஈரத்தை இழுக்கும், அதனால்தான்." நான் சொல்லச் சொல்ல, என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரைப் பார்த்தே பதில் சொன்னார்கள். அவருக்குக் காரில் தெரிந்தது ஹாரன் மட்டும். அதை அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன், வீடு வரும்வரை பேசவில்லை.

எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் பெட்ரோல் எரியும் நான்கு சிலிண்டருக்கும் அது ஒரே தொட்டியிலிருந்துதானே போகிறது? கெட்ட பெட்ரோல் மூன்றாவது சிலிண்டரை மட்டும் பொறுக்கியெடுத்துக் கெடுக்குமா? என் காரில் குறை சொன்ன சிலிண்டர் மூன்றாவது. கம்ப்யூட்டர் எழுதிவைத்த குற்ற எண்ணைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டியபோது வந்த எண் பி0303. அதில் கடைசி எண்தான் சிலிண்டர். பி0300 என்று வந்தால் பல சிலிண்டர்கள் மாறி மாறி எரியாமல் போகின்றன என்று பொருள். அப்போது பெட்ரோல், காற்று என்று பொதுவாக எல்லாவற்றையும் சந்தேகிக்கலாம். ஒரே சிலிண்டரைக் காட்டினால் அந்தச் சிலிண்டருக்கென்று தனியாக இருப்பவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பொறி வைக்க ஒரு பிளக், அதற்கு உயர்ந்த மின்னழுத்தம் கொடுக்க ஒரு காயில், பெட்ரோலைத் தெளிக்க ஒரு இன்ஜெக்டர், அவற்றுக்குப் போகும் வயர்கள். அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று படித்தபோது எனக்கு ஒரே மகிழ்ச்சி. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 25 முறை எரிய வேண்டும். ஒரு முறை எரியாமல் போனால், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் வேகம் அந்தக் கணத்தில் ஒரு துளி குறையும். அந்தத் துளியை ஒரு சென்சார் கவனித்து, இது எந்தச் சிலிண்டரின் முறை என்று கணக்குப் பார்த்துக் குற்றம் எழுதுகிறது. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கோண வேகம் நடத்தும்போது இதைச் சொன்னேன். அன்றைக்குத்தான் வகுப்பில் யாரும் தூங்கவில்லை. ஆனால் அந்த எண், எந்தச் சிலிண்டர் என்று மட்டும்தான் சொல்லும். ஏன் என்று சொல்லாது. அதைப் பட்டறையில் யாரும் நினைக்கவில்லை.

சரி, ஏன்? எரிய வேண்டுமென்றால் பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை வேண்டும், அதை நெருக்கும் அமுக்கம் வேண்டும், பொறி வேண்டும். அமுக்கம் குறைந்திருந்தால் பெரும்பாலும் எல்லா நேரமும் குறைந்துதான் இருக்கும். மேட்டுக்கு மட்டும் விரதம் இருக்காது. எங்கேயாவது காற்றை உறிஞ்சினால் நின்ற இடத்தில் ஓடும்போதுதான் அதிகம் தடுமாறும். என்னுடையதோ நின்ற இடத்தில் தேன். பொறிதான் மீதி. மேட்டில் மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அடைபடும் கலவை அதிகம். அதைத் தாண்டிப் பொறி பாய இன்னும் உயர்ந்த மின்னழுத்தம் வேண்டும். பலவீனமான காயில் அங்கேதான் கைவிடும். நம் ஊர்க் காலைக் காற்றோ உப்பும் ஈரமும். ஆக, ஈரக் காலையும் மேடும் சேர்ந்தால் காயிலில் மின்சாரம் கசிகிறது என்று முடிவு கட்டினேன்.

மூன்றாவது காயிலை முதல் சிலிண்டருக்கும் அங்கிருந்ததை இங்கேயும் மாற்றி மாட்டினேன். நானேதான். கோளாறு காயிலோடு போனால் அடுத்த முறை பி0301 என்று வர வேண்டும். பைசா செலவில்லாத சோதனை. மாற்றிய பிறகு பார், மேடம் குலுங்கவே மாட்டேன் என்கிறாள்! வாடைக் காற்று அடித்தது, மழை பெய்தது, ஒன்றுமில்லை. குலுங்க வேண்டும் என்று பாலத்தில் வேண்டிக்கொண்டு போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். ஒருவழியாகக் குலுங்கியபோது எண் மறுபடி பி0303. காயில் குற்றமற்றது. பிளக்கையும் இப்படியே இடம் மாற்றினேன். அதுவும் குற்றமற்றது.

அப்புறம் காரின் டேஷ்போர்டு பெட்டியில் ஒரு நோட்டைப் போட்டுவைத்தேன். குலுங்கிய நாள், காற்று, பெட்ரோல் அளவு, கியர், வண்டியில் யார் யார். இந்தக் கடைசியை வேண்டா வெறுப்பாகத்தான் எழுதினேன், அதுதான் காட்டிக்கொடுத்தது. நசநசவென்று ஈரமான ஒரு சனிக்கிழமைக் காலையில் தனியாகப் போனேன், குலுங்கவில்லை. தங்கச்சிமடத்தில் ஒரு கல்யாணத்துக்கு உச்சி வெயிலில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனேன், குலுக்கி எடுத்துவிட்டது. மழைக்காலத்தில் அவள் சாதுவாக இருந்ததும் பாதி நாள் விடுமுறை, யாரும் கூட வரவில்லை என்பதால்தான். ஆக, ஈரம் அல்ல, பாரம்! ஏழரையும் மற்ற இரண்டு டீச்சர்களும் ஏறும் நாளில்தான் வருகிறது. அதிலும் பக்கத்து ரயில் பாலத்தைப் பார்க்க வருகிறவர்கள் பாதி வழியில் வண்டியை நிறுத்துகிறார்களே, 2025 ஏப்ரலில் அந்தப் புதுத் தூக்குப் பாலம் திறந்ததிலிருந்து கேட்கவே வேண்டாம், அவர்களுக்குப் பின்னால் நின்று ஏற்றத்தில் மறுபடி கிளப்பும்போது நிச்சயம். ஏழரையிடம் இதை இன்னும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

பாரம் ஏறினால் என்ஜின் என்ன செய்யும்? ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கும் என்ஜின், இழுக்கும்போது ஒரு பக்கம் சாயும். சாயும்போது கூடவே வயரை இழுக்கும். இதைச் சொன்னதும் சட்டென்று பிடித்துக்கொண்டவர் எங்கள் தெருக் கோடியில் விசைப்படகுகளுக்கு வயரிங் பார்க்கும் அண்ணன். "டீசலில் பிளக்கும் இல்லை, இந்தத் தொல்லையும் இல்லை" என்று முதலில் சிரித்தார். பிறகு வண்டியை ஓடவிட்டு, காயிலுக்குப் போகும் வயர்களை ஒவ்வொன்றாக விரலால் அசைத்துக்கொண்டே போனார். மூன்றாவது காயிலின் வயர் மடங்கித் திரும்பும் இடத்தை இழுத்ததும் என்ஜின் திடுக்கென்று விக்கியது. உறையைக் கீறினால் உள்ளே பச்சைக் களிம்பு. செம்புக் கம்பியில் இரண்டோ மூன்றோ இழைதான் ஒட்டிக்கொண்டிருந்தது. பட்டறையிலும் மீட்டர் வைத்துப் பார்த்தார்களாம். ஓர் இழை ஒட்டியிருந்தாலும் மீட்டர் பீப் என்று சத்தம் போடும், அதை நம்பாதே. உப்பு பல வருடம் உட்கார்ந்து செய்த வேலை அது.

கெட்ட பாகத்தை வெட்டி, புது வயர் சேர்த்து, ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடி, இந்த முறை கொஞ்சம் தளர்வாக விட்டுக் கட்டினார். தளர்ந்திருந்த மவுண்டிங் ஒன்றையும் மாற்றச் சொன்னார், மாற்றினேன். கூலி வாங்க மறுத்தார். கட்டாயப்படுத்தித்தான் கொடுத்தேன், ஜெயா, அவருக்கு இப்போது வேலையே இல்லை. அவர் மைத்துனர் படகை இலங்கைக் கடற்படை பிடித்துப்போனது. ஆட்கள் திரும்பிவிட்டார்கள், படகு வரவில்லை. அதில் இவர் போட்ட பணமும் அங்கேயே கிடக்கிறது. பையன் என் வகுப்பில்தான் படிக்கிறான், கட்டணம் பற்றி நான் பேச்செடுத்தால் தலையைக் குனிந்துகொள்கிறான். நம் பழைய மாணவர் சங்கத்தில் கல்வி உதவி இன்னும் கொடுக்கிறார்களா என்று விசாரித்து எழுது. இது விளையாட்டில்லை.

இனி உன் கதை. முதலில் அவர்கள் படித்த எண் என்ன என்று கேள். அதை அழிக்கவும் பேட்டரியைக் கழற்றவும் விடாதே. குலுங்கிய கணத்தில் என்ன வேகம், என்ன பாரம், எவ்வளவு சூடு என்று அதோடு பதிவாகியிருக்கும். அழித்தால் எல்லாம் போயிற்று. காயிலை இடம் மாற்றிப் பார்த்தார்களா, வயரை அசைத்துப் பார்த்தார்களா என்று கேள். தூத்துக்குடியிலும் உப்புக்குப் பஞ்சமில்லை. கம்ப்யூட்டர் கெடவே கெடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைக் கடைசியில்தான் சந்தேகிக்க வேண்டும், அதுதான் விலை அதிகம் என்பதற்காக முதலில் அல்ல. இன்னொன்று, விளக்கு சிமிட்டும்போது அணைந்துவிடும் என்று ஓட்டிக்கொண்டே போகாதே. எரியாத பெட்ரோல், புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரில் போய் எரிந்து அதைப் பாழாக்கும். அதன் விலை கேட்டால் கம்ப்யூட்டரே தேவலை என்பாய். மிதிப்பதைக் குறைத்து ஓரம் கட்டு.

ஒரு நோட்டும் போட்டுக்கொள், வண்டியில் யார் இருந்தார்கள் என்பது உட்பட. உன் மாமியார் பெயர் வந்தால் எனக்கு மட்டும் எழுது. முன்பணம் கொடுத்துவிட்டாயானால் அதையும் மறைக்காதே. திட்டுவேன், ஆனால் எப்படித் திரும்ப வாங்குவது என்றும் சொல்வேன்.

அன்புடன்,
அருள்