ஹூஸ்டனா, பிட்ஸ்பர்க்கா? விடுபட்ட கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் குடும்பத்தோடு குடியேற ஏற்ற நகரங்களைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரை, டெக்சாஸ் மாநிலத்தில் வருமானவரி இல்லை என்ற ஒரே காரணத்தைக் கொண்டு ஹூஸ்டனை மேலே தூக்கி வைத்து, பிட்ஸ்பர்க்கைப் பழைய இரும்பு நகரம் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுகிறது. முன்னதில் பதினோரு ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு, 2018 முதல் பின்னதில் குடியிருப்பவன் என்ற முறையில், அந்தக் கணக்கில் விடுபட்டவற்றை எழுத விரும்புகிறேன்.

வரியிலிருந்தே தொடங்குகிறேன். பிட்ஸ்பர்க் இருக்கும் பென்சில்வேனியா மாநிலம் 3.07 சதவீதமும், பிட்ஸ்பர்க் மாநகரமும் அதன் பள்ளி மாவட்டமும் சேர்ந்து 3 சதவீதமும் சம்பளத்திலிருந்து எடுத்துக்கொள்வது உண்மைதான். ஒரு லட்சம் டாலர் சம்பளத்துக்கு 6,070 டாலர். டெக்சாஸோ அந்தப் பணத்தை வீட்டின் வழியாக வாங்கிக்கொள்கிறது. ஹூஸ்டன் புறநகர்களின் புதிய குடியிருப்புகள் பல, குடிநீர் குழாயும் வடிகாலும் அமைப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட 'மட்' எனப்படும் தனி மாவட்டங்களுக்குள் வருகின்றன. அதற்காக வாங்கிய கடனை அங்கே வீடு வாங்குவோரே சொத்துவரியோடு சேர்த்து அடைக்க வேண்டும். நான்கு லட்சம் டாலர் வீட்டுக்கு மொத்த வரி 2.5 சதவீதம் என்றால், சலுகைகள் போவதற்கு முன் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலர் ஆகிறது. பிட்ஸ்பர்க்கிலும் சொத்துவரி உண்டு. ஆனால் பிட்ஸ்பர்க் அடங்கிய அலகெனி கவுண்டி (மாவட்டம்), வீட்டின் 2012-ஆம் ஆண்டு மதிப்பையே வரிக்கு அடிப்படையாகக் கொண்டிருப்பதாலும், வீட்டு விலையே குறைவு என்பதாலும் சுமை அவ்வளவு தெரிவதில்லை. இன்னொன்றும் உண்டு. வேலை போனால் சம்பளவரி தானே நின்றுவிடும், வீட்டுவரி நிற்காது. 2020 ஏப்ரலில் கச்சா எண்ணெய் விலை சுழியத்துக்கும் கீழே இறங்கியபோது, எண்ணெய்த் தொழிலை நம்பியிருந்த என் ஹூஸ்டன் நண்பர்கள் சிலர் இதை நன்றாகவே உணர்ந்தார்கள்.

கட்டுரையாளர் தண்ணீரைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லாததுதான் எனக்குப் பெரும் வியப்பு. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் சில நாள்களுக்குள் பல இடங்களில் 40 அங்குலத்துக்கு மேல் கொட்டித் தீர்த்தது. ஹூஸ்டன் அடங்கிய ஹாரிஸ் கவுண்டியில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் வெள்ளம் புகுந்தது. அவற்றில் பாதிக்கும் மேலானவை, நூறாண்டு வெள்ள எல்லை (ஓர் ஆண்டில் வெள்ளம் வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள இடம்) என்று அரசு வரைபடம் காட்டிய பகுதிக்கு வெளியே இருந்தவை. எங்கள் வீடு நகரின் மேற்கே, பார்க்கர் நீர்த்தேக்கத்தின் பின்புறம் இருந்தது. வெள்ளத்தடுப்புக்காக 1940-களில் கட்டப்பட்ட அந்தத் தேக்கம் வறண்ட நாள்களில் பூங்காவாகத்தான் காட்சி தரும். அது நிரம்பினால் நீர் பரவும் பரப்புக்குள்ளேயே எங்கள் தெரு இருக்கிறது என்பதை வீட்டை விற்றவர் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. மழை விட்டபிறகும் நீர் ஏறிக்கொண்டே இருந்தது. சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்தை ஏற்காது என்பதும், தேசிய வெள்ளக் காப்பீட்டைத் தனியே வாங்கினாலும் பொதுவாக 30 நாள் கழித்தே நடைமுறைக்கு வரும் என்பதும் அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

மின்சாரமும் அப்படியே. டெக்சாஸ் தன் மின்கட்டமைப்பைப் பிற மாநிலங்களோடு பெரிய அளவில் இணைக்காமல் வைத்திருப்பதால், 2021 பிப்ரவரிக் கடுங்குளிரில் வெளியிலிருந்து போதிய மின்சாரம் பெற வழியில்லாமல் போயிற்று. மாநிலம் முழுவதும் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2024 ஜூலையில் வந்த பெரில், டெக்சாஸ் கரையைத் தொட்டபோது சூறாவளிகளின் ஐந்து வகைகளில் மிகக் குறைந்த முதல் வகைதான்; அதற்கே ஹூஸ்டன் வட்டாரத்தில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் இருண்டன.

இதனால் பிட்ஸ்பர்க் குறையற்ற ஊர் என்று யாரும் எண்ண வேண்டாம். நவம்பர் முதல் மார்ச் வரை சூரியனைக் காண்பதே அரிது. வீட்டுக் காப்பீடு இங்கே மண்சரிவை ஏற்பதில்லை. பழைய நிலக்கரிச் சுரங்கங்கள் அடியில் இருப்பதால் நிலம் உள்வாங்குவதற்கென்று மாநில அரசே தனிக் காப்பீடு விற்கிறது. கேன்டன் அவென்யூ என்ற தெருவின் சரிவு 37 சதவீதம். பனிக்காலத்தில் அதைப் பார்ப்பதற்கே அச்சமாக இருக்கும். எஃகுத் தொழிலுக்காக நிலக்கரியைச் சுட்டுக் கோக் என்னும் எரிபொருளாக்கும் கிளேர்ட்டன் ஆலையின் புகை காற்றில் கலந்து வரும் காலைகளில் சன்னலைத் திறக்க முடியாது. 1950-இல் ஏறத்தாழ 6,76,000 பேர் வாழ்ந்த நகரத்தில் 2020-இல் சுமார் 3,03,000 பேரே இருந்தனர். அன்று அத்தனை பேருக்காகக் கட்டிய பாலங்களையும் குழாய்களையும் இன்று பாதிப் பேர் பராமரிக்க வேண்டியிருக்கிறது. 2022 ஜனவரியில் ஃபெர்ன் ஹாலோ பாலம் இடிந்தபோது அதன்மேல் ஒரு பேருந்தும் இருந்தது. உயிர்ச்சேதம் இல்லாதது நல்லூழ்.

இரு ஊர்களின் நிலத்தையும் அங்குள்ள கோயில்களே சொல்லிவிடும்: பிட்ஸ்பர்க்கில் வேங்கடவன் பென் ஹில்ஸின் குன்றில் நிற்கிறான், ஹூஸ்டனில் மீனாட்சி பியர்லாண்டின் சமவெளியில் அமர்ந்திருக்கிறாள். ஹூஸ்டன் ஹில்கிராஃப்ட் சாலையின் இந்தியக் கடைகளையும் உணவகங்களையும் நான் இன்றும் நினைத்து ஏங்குவதை மறைக்கப் போவதில்லை.

எண்ணெய்த் துறையிலோ டெக்சாஸ் மெடிக்கல் சென்டரிலோ வேலை கிடைத்த இளைஞரிடம் நான் ஹூஸ்டனுக்கே போகச் சொல்வேன்; முதலில் வாடகைக்கு இருந்து, ஒரு பெருமழையைப் பார்த்துவிட்டு வீடு வாங்கச் சொல்வேன். வயதான பெற்றோரை உடன் வைத்துக்கொள்ளப் போகிறவரிடம் அப்படிச் சொல்லமாட்டேன். பென்சில்வேனியாவில் 65 வயது நிரம்பியோர் நகரப் பேருந்தில் கட்டணமின்றிப் போகலாம். மாநில லாட்டரி வருவாயிலிருந்து அதற்குப் பணம் வருகிறது. ஹூஸ்டனில் எங்களோடு தங்கிய காலமெல்லாம், என் கார் நகராமல் ஓரிடத்துக்கும் போக முடியாதிருந்த என் தாயார், இப்போது 78 வயதில் ஸ்குவிரல் ஹில் நூலகத்துக்குப் பேருந்தில் தனியாகப் போய்வருகிறார். கட்டுரையாளர் தம் அட்டவணையில் இதற்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
பிட்ஸ்பர்க்