வெள்ளை நகரமும் ஹைட்டி மண்டபமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1893-இல் நடந்த சிகாகோ உலகக் கண்காட்சி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். செப்டம்பர் 11 அன்று விவேகானந்தர் மேடையேறிய பகுதியைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது. எழுதியவருக்கு என் நன்றி. ஆனால் கட்டுரையோடு போட்ட படத்தில் ஒரு பிழை இருக்கிறது. கட்டுரையில் அதைவிடப் பெரிய விடுபடல் ஒன்றும் இருக்கிறது. இரண்டையும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

முதலில் படம். பெரிய குளம், அதைச் சுற்றி வெள்ளை வெளேரென்று தூண்களும் குவிமாடங்களும். கீழே ‘சுவாமிஜி உரையாற்றிய இடம்’ என்று போட்டிருக்கிறீர்கள். படத்தில் இருப்பது ஜாக்சன் பூங்காவில் கட்டிய, ‘வெள்ளை நகரம்’ என்று பெயர் பெற்ற கண்காட்சி வளாகம். சுவாமிஜி பேசிய சர்வசமயப் பேரவை அங்கே கூடவில்லை. பத்து கிலோமீட்டருக்கு மேல் வடக்கே, நகரின் நடுவில், மிச்சிகன் அவென்யூவில் புதிதாக எழுந்த ஒரு கல் கட்டிடத்தில்தான் கூடியது. கண்காட்சி முடிந்ததும் அது ஆர்ட் இன்ஸ்டிடியூட் என்ற ஓவியக் காட்சியகம் ஆனது. இன்றும் அதே இடத்தில் நிற்கிறது. 2010-இல் ஜிதிஷ் கல்லட் என்ற இந்தியக் கலைஞர் அங்குள்ள பெரிய படிக்கட்டின் 118 படிகளிலும் சுவாமிஜியின் உரையை விளக்கெழுத்துகளாக ஒளிர வைத்தார். வாசலில் போகும் சாலையின் ஒரு பகுதிக்கு இப்போது விவேகானந்தர் பெயர்.

படத்தில் உள்ள மாளிகைகளில் ஒன்றுகூட இன்று இல்லை. அவை கல்லும் இல்லை, பளிங்கும் இல்லை. இரும்புச் சட்டமும் மரமும் எழுப்பி, பிளாஸ்டரில் சணல் நாரைக் கலந்து அச்சில் வார்த்து, மேலே பூசிய உடுப்புதான் அது. மே 1 முதல் அக்டோபர் 30 வரை ஆறு மாதம் தாங்கினால் போதும் என்றுதான் கட்டினார்கள். கொலம்பஸ் கரையேறிய 400-ஆவது ஆண்டு விழா. ஓராண்டு தாமதமாகத்தான் தொடங்க முடிந்தது. கட்டிடங்களுக்குத் தலைமை வகித்தவர் டேனியல் பர்ன்ஹாம். சதுப்பு நிலமாகக் கிடந்த ஏரிக்கரையை நீரோடையும் தீவுமாக மாற்றியவர் ஃபிரெடெரிக் லா ஓம்ஸ்டெட். ஆறு மாதத்தில் வந்து போன கணக்கு 2 கோடியே 70 லட்சம். அன்றைக்கு அமெரிக்காவின் மக்கள்தொகையே ஏறக்குறைய ஆறரைக் கோடிதான்!

1894-இல் வேலையில்லாத் திண்டாட்டமும் வேலைநிறுத்தமுமாக நகரம் கொதித்துக்கொண்டிருந்தபோது கண்காட்சியின் அந்த வெண்ணிற மாளிகைகளில் பெரும்பகுதி தீயில் போயிற்று. பூங்காவில் தப்பிய பெரிய கட்டிடம் ஒன்றே ஒன்று, கலை மாளிகை. பல இடங்களிலிருந்து இரவல் வாங்கிய ஓவியங்கள் அதற்குள் இருந்ததால், தீக்குப் பயந்து அதை மட்டும் செங்கல் சுவர் வைத்துக் கட்டியிருந்தார்கள். பின்னாளில் வெளிப்பூச்சை உரித்துக் கல் பதித்தார்கள். 1933 முதல் அறிவியல், தொழில் அருங்காட்சியகமாக நடந்து வருகிறது.

நான் கடைசல் பட்டறையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவன். அதனால் கண்காட்சியில் நிறுத்திய ராட்சத ராட்டினத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல ஆசிரியர் அனுமதிக்க வேண்டும். உங்கள் கட்டுரை அதை ஒரே வரியில் கடந்துவிட்டது. பாரிஸ் 1889-இல் ஐஃபில் கோபுரத்தை நிறுத்திக் காட்டியதற்குப் பதில் சொல்ல ஏதாவது வேண்டும் என்று பர்ன்ஹாம் பொறியாளர்களிடம் கேட்டபோது, ஜார்ஜ் ஃபெரிஸ் என்ற பாலப் பொறியாளர் கொண்டுவந்த வரைபடம் அது. 264 அடி உயரம். 36 பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 60 பேர் வரை. ஒரே சமயத்தில் இரண்டாயிரம் பேருக்கு மேல் ஆகாயத்தில்! அத்தனை எடையையும் தாங்கிய இருசு 45 அடி நீளம், ஏறக்குறைய மூன்றடி குறுக்களவு, சுமார் 40 டன். அமெரிக்காவில் அதுவரை அவ்வளவு பெரிய ஒற்றை இரும்பை யாரும் அடித்து உருவாக்கியதில்லை. நான் கையாண்ட மிகப் பெரிய ஷாஃப்ட் ஒன்றரை டன். அதைக் கிரேனில் தூக்கி லேத்தில் ஏற்றி, டயல் கேஜ் வைத்து முள் ஆடாமல் நிற்கும்வரை சென்டர் பார்க்கவே எங்களுக்கு அரை நாள் ஓடிவிடும். 40 டன் இரும்பை 140 அடி உயரத்தில், பிப்ரவரி, மார்ச் குளிரில், இரண்டு கோபுரங்களின் தலையில் பேரிங்கில் உட்கார வைத்தவர்களை நினைத்தால் கை தானாகக் கும்பிடுகிறது.

சக்கரத்தின் ஆரங்கள் மெல்லிய கம்பிகள்தான். சைக்கிள் ரிம்மை ஸ்போக் எப்படி இழுத்துப் பிடிக்கிறதோ, அதே கணக்கு. கீழிருந்து பார்த்தவர்கள் இது நிற்காது என்றே நினைத்தார்கள். கட்டணம் 50 சென்ட். கண்காட்சி நுழைவுச்சீட்டுக்கும் அதே விலை. சித்திரைத் திருவிழாவிலும் தீவுத்திடலிலும் நம் பிள்ளைகள் ஏறிக் கத்துகிறார்களே, அந்தப் பெரிய இரும்பு ராட்டினங்களுக்கு முன்னோடி இதுதான். ஃபெரிஸ் 1896-இல், 37 வயதில், டைஃபாய்டு காய்ச்சலில் இறந்துபோனார். சக்கரத்தை 1906-இல் வெடி வைத்துத் தகர்த்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள்.

அப்புறம் மின்சாரம். கண்காட்சிக்கு விளக்குப் போடும் ஒப்பந்தத்தை வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் குறைந்த விலை சொல்லி வாங்கியது. டெஸ்லா என்ற பொறியாளரின் மாறுமின்னோட்ட (ஏ.சி.) முறைதான் வெள்ளை நகரத்தை இரவில் ஒளிர வைத்தது. அதே ஆண்டு நயாகரா நீர்மின் நிலையத்தின் வேலையும் அந்த முறைக்கே கிடைத்தது. நம் தெரு முனை டிரான்ஸ்ஃபார்மருக்கு வருவதும் அந்த வகைக் கரண்ட்தான்.

இனி அந்த விடுபடலுக்கு வருகிறேன். ‘உலகமே ஒரே குடும்பமாகக் கூடிய இடம்’ என்று கட்டுரை முடிகிறது. எல்லோரும் கூடவில்லை. அடிமை முறை ஒழிந்து முப்பது ஆண்டுகூட ஆகாத நாடு அது. கண்காட்சியை நடத்திய குழுக்களில் கறுப்பின மக்களுக்கு இடம் கொடுக்கவில்லை. எங்கள் பள்ளிகள், கைத்தொழில்கள், எழுத்துகள் இவற்றைக் காட்ட ஓர் இடம் கொடுங்கள் என்று கேட்டார்கள். மாநிலக் குழுக்கள் வழியாக வாருங்கள் என்று பதில் வந்தது. அந்தக் குழுக்களில் இருந்தவர்கள் வெள்ளையர்கள். ஆனால் மேற்கு ஆப்பிரிக்க டஹோமி மக்களைக் கொண்டுவந்து, கேளிக்கைத் திடலில் ஒரு ‘கிராமம்’ போட்டு உட்கார வைத்து, காசு வாங்கிக்கொண்டு வேடிக்கை காட்டினார்கள்.

அங்கே தலை நிமிர்ந்து நின்ற ஒரு கறுப்பர் ஃபிரெடெரிக் டக்ளஸ். அடிமையாகப் பிறந்து, தப்பித்து, தன் எழுத்தாலும் பேச்சாலும் அடிமை முறையையே அசைத்தவர். அப்போது வயது 75. அவருக்கு இடம் கொடுத்தது சொந்த நாடு அல்ல. அடிமைகளே போராடி 1804-இல் விடுதலை பெற்ற ஹைட்டி என்ற சின்னத் தீவு நாடு தன் மண்டபத்தின் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தது. ஐடா பி. வெல்ஸ் என்ற இளம் பத்திரிகையாளர், டக்ளஸோடும் வேறு இருவரோடும் சேர்ந்து ஒரு சிறுநூல் அச்சிட்டார். கறுப்பின அமெரிக்கர்கள் இந்தக் கண்காட்சியில் இல்லாததற்கான காரணம் என்பதுதான் அதன் தலைப்பே. கும்பலாகச் சேர்ந்து அடித்துக் கொல்லும் கொடுமைகளையும் கூலியில்லாக் கைதி உழைப்பையும் அதில் எழுதியிருந்தார்கள். ஹைட்டி மண்டபத்தில் ஒரு மேசையைப் போட்டு, வருகிறவர் போகிறவர் கையில் அதைக் கொடுத்தார் வெல்ஸ்.

ஆகஸ்ட் 25-ஐக் கறுப்பின அமெரிக்கர்களுக்கான நாள் என்று அறிவித்தார்கள். ஒரு நாளை ஒதுக்கி எங்கள் வாயை அடைக்கப் பார்க்கிறார்கள், போகக் கூடாது என்றார் வெல்ஸ். கிடைத்த மேடையை விடக் கூடாது என்று டக்ளஸ் போனார். எழுதிக்கொண்டுபோன தாளைப் படிக்கத் தொடங்கியதும் பின்வரிசையிலிருந்து கேலிக் குரல்கள். குரல் தடுமாறியது. தாளை மேசையில் போட்டுவிட்டு நிமிர்ந்து பேச ஆரம்பித்தார். ‘நீக்ரோ பிரச்சினை’ என்று ஒன்று இல்லவே இல்லை. அமெரிக்கர்களுக்குத் தங்கள் சொந்த அரசியல் சட்டப்படி நடக்கும் நேர்மை இருக்கிறதா என்பதுதான் பிரச்சினை என்றார். கூடம் அடங்கிவிட்டது. மறுநாள் பத்திரிகையில் படித்த வெல்ஸ் நேரே ஹைட்டி மண்டபத்துக்குப் போய் அந்தப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டார்.

இதற்கும் சுவாமிஜிக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். தொடர்பு இருக்கிறது. அவரை அனுப்பி வைக்கத் திருவல்லிக்கேணியில் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டியவர் அளசிங்கப் பெருமாள். அவருக்கு 1893 ஆகஸ்ட் 20-இல் எழுதிய கடிதத்தில் சுவாமிஜி, கண்காட்சியைச் சுற்றிப் பார்க்கப் பத்து நாளாவது வேண்டும் என்கிறார். டக்ளஸ் பேசியதற்கு ஐந்து நாள் முந்தைய கடிதம் அது. பின்னர் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் சுவாமிஜியையும் கறுப்பர் என்று நினைத்து முடிதிருத்தும் கடைகளில் விரட்டியிருக்கிறார்கள். நான் இந்தியன் என்று சொல்லியிருக்கலாமே என்று ஒருவர் கேட்டபோது, இன்னொருவரைத் தாழ்த்தி நான் உயர்வதா என்று அவர் கேட்டதாக வாழ்க்கை வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. ‘சகோதரிகளே, சகோதரர்களே’ என்று அழைத்தவருக்கு அந்தச் சொல்லின் எடை தெரியும். அவரைப் பற்றி எழுதும் நாம் டக்ளஸை விட்டுவிட்டு எழுதினால் அது சரியாகுமா?

தயவுசெய்து அடுத்த இதழில் அந்தப் படக்குறிப்பைத் திருத்தி வெளியிடுங்கள். இடம் இருந்தால், அதன் பக்கத்திலேயே டக்ளஸின் படத்தையும் ஹைட்டி மண்டபத்தின் படத்தையும் போடுங்கள். கட்டுரையை வெட்டி வைத்திருக்கிறேன். அவற்றையும் அதோடு ஒட்டி என் பேத்தியின் பள்ளி நூலகத்துக்குக் கொடுக்க எண்ணம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கடைசல் தொழிலாளி ஒருவர்,
அம்பத்தூர்.